நீலமாக இருந்தால் வேறு இனமா?

"ஸ்புரூஸ் மரங்கள் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. சில நீலமாக இருக்கின்றன, சில பச்சையாக இருக்கின்றன. நிறத்தை வைத்தே இனத்தைச் சொல்லிவிடலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். முடியாது. ஊசியிலை மரமான ஸ்புரூஸில், உலகின் வடபாதியில் ஏறத்தாழ 35 இனங்கள் உண்டு. அவற்றைப் பிரிக்க நிறத்தை நம்பினால் ஏமாந்துதான் போவோம்.

முதலில் அது ஸ்புரூஸ்தானா என்று பார்த்துவிடுவோம். பைன் மரத்தில் ஊசியிலைகள் கொத்தாக வரும், ஸ்புரூஸில் தனித்தனியாக. ஃபிர் மரத்திலும் தனித்தனிதான், ஆனால் அதன் கூம்புகள் (விதை தாங்கும் செதில் காய்கள்) நிமிர்ந்து நிற்கும். ஸ்புரூஸின் கூம்புகள் தொங்கும். ஸ்புரூஸ் இலை ஒவ்வொன்றும் ஒரு குட்டி முளையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இலை உதிர்ந்தாலும் முளை போகாது. அதனால் மொட்டைக் குச்சியில் விரலை ஓட்டினால் அரம் மாதிரி சொரசொரக்கும்.

சரி, அந்த நீலம் எங்கிருந்து வருகிறது? ராக்கி மலைகளின் நீல ஸ்புரூஸில் ஓர் இலையைப் பறித்து விரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நீலம் போய்ப் பச்சை வந்துவிடும். உள்ளே நீலச் சாயம் எதுவும் இல்லை. இருப்பதெல்லாம் மேலே படிந்த மெழுகு. அதன் முக்கிய மூலக்கூறு 29 கார்பன் அணுக்கள் கொண்ட நீண்ட சங்கிலி. பத்தாவது கார்பனில் ஓர் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கின்றன. அந்தத் துருத்தல் இடிப்பதால் சங்கிலிகள் தட்டையாக அடுக்க முடியாமல் வளைந்து, நுண்ணிய குழல்களாகச் சுருண்டுகொள்கின்றன. ஒரு குழலின் குறுக்களவு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஓரிரு பங்குதான். இந்த மெழுகைப் பிரித்தெடுத்துக் கரைத்து உலரவிட்டாலும் மறுபடி குழல்களாகவே படிகமாகிறது. மரம் பொருளைச் சுரந்தால் போதும், வடிவம் தானாக அமைந்துவிடுகிறது! இவ்வளவு சிறிய குழல்கள் ஒளியின் குறுகிய அலைகளை, அதாவது நீலப் பக்கத்தை, அதிகமாகச் சிதறடிக்கின்றன. காற்றும் மழையும் பட்டுக் குழல்கள் சிதைந்துபோவதால் பழைய இலைகள் பச்சையாகிவிடும்.

இந்த மெழுகு பல ஸ்புரூஸ் இனங்களிலும் உண்டு, கூடக்குறைய. நீல ஸ்புரூஸிலேயே காட்டில் பச்சை மரங்களும் ஏராளம். தோட்டங்களில் நாம் பார்ப்பவை நீலத்துக்காகத் தேர்ந்தெடுத்து வளர்த்தவை.

அப்புறம் எதை நம்புவது? கூம்பையும் இளங்குச்சியையும்தான். நார்வே ஸ்புரூஸின் கூம்பு 9 முதல் 17 செ.மீ. வரை நீளும். கறுப்பு ஸ்புரூஸில் 4 செ.மீ.யைத் தாண்டுவது அரிது. அது விதையை வைத்துக்கொண்டு பல வருடம் கிளையிலேயே இருக்கும், காட்டுத்தீயின் சூட்டில் நன்றாக விரியும். நீல ஸ்புரூஸின் கூம்புச் செதில்கள் ஓரம் நெளிந்து காகிதம்போல் இருக்கும்; வெள்ளை ஸ்புரூஸில் ஓரம் வழுவழுப்பு. கறுப்பும் வெள்ளையும் குழப்பினால், கைலென்ஸில் குச்சியைப் பாருங்கள்: கறுப்பில் நுண்மயிர் இருக்கும், வெள்ளையில் பெரும்பாலும் இராது. இலையை விரல்களுக்கிடையில் உருட்டுவதும் உதவும். பெரும்பாலான இனங்களில் அது நாற்பட்டையாக இருப்பதால் எளிதாக உருளும். சிட்கா ஸ்புரூஸிலும் செர்பிய ஸ்புரூஸிலும் தட்டை. மேற்கு இமயமலை ஸ்புரூஸின் இலை 3 முதல் 5 செ.மீ. வரை போகும், எட்ட நின்றே சொல்லிவிடலாம்.

நார்வே ஸ்புரூஸின் மரபணுத்தொகுதியை, சுமார் 2,000 கோடி எழுத்துகளை, 2013-இல் படித்து வெளியிட்டார்கள். மகத்தான வேலை. அதற்குக் கிடைக்கும் பணத்தில் ஒரு பங்காவது உலர்தாவரச் சேகரிப்புகளுக்கும், குச்சியைப் பார்த்தே இனம் சொல்பவர்களுக்கும் போக வேண்டும் என்பது என் கட்சி. எந்த மரத்தின் மரபணு என்று தெரிந்தால்தானே அந்த எழுத்துகளுக்கு அர்த்தம்?

சில இடங்களில் குச்சியைப் பார்த்து இனம் சொல்பவர்களாலும் பிரிக்க முடியாது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வெள்ளை ஸ்புரூஸும் எங்கல்மன் ஸ்புரூஸும் தாராளமாகக் கலக்கின்றன. பெற்றோர் இரண்டின் அடையாளமும் ஒரே மரத்தில் கிடக்கும். அங்குள்ள வனத்துறையினர் அவற்றை 'உள்நாட்டு ஸ்புரூஸ்' என்று ஒரே பெயரில் எழுதிக்கொள்கிறார்கள்.