மெயினை நிறுத்திய பிறகும் டிரைவுக்குள் தங்கும் மின்சாரம்

பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் தோல் பதனிடும் ஆலைகளில், ராணிப்பேட்டை தொடங்கி பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வரை, டிரம்களைச் சுழற்றும் மோட்டார்கள் பலவும் மோட்டாரைத் தொடக்கிவிட மட்டும் உதவும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரை விட்டு, மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வேரியபிள் ஃப்ரீக்வன்சி டிரைவுக்கு மாறிவருகின்றன. டிரைவு பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எனக்குள்ள கவலை ஒன்றுதான்: மோட்டாரைப் பற்றி எல்லாம் அறிந்த எலக்ட்ரீஷியனுக்குக்கூட டிரைவின் உட்புறத்தை யாரும் முறையாகச் சொல்லித் தருவதில்லை, பயிற்சி என்ற பெயரில் பாராமீட்டர்களை (டிரைவின் அமைப்பு மதிப்புகளை) மாற்றக் காட்டுவதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

415 வோல்ட் மூன்று ஃபேஸ் மின்சாரத்தை டிரைவு முதலில் டிசியாக மாற்றி, பெரிய கெபாசிட்டர்களில் தேக்கி, அதன் பிறகே ஐஜிபிடிகள் எனும் மின்னணு சுவிட்சுகள் வழியாக மோட்டாருக்கு வேண்டிய அதிர்வெண்ணில் அனுப்புகிறது. கெபாசிட்டர்கள் இணைந்திருக்கும் அந்த டிசி பாதையில், அதாவது டிசி பஸ்ஸில், ஏறத்தாழ 587 வோல்ட் நிற்கும். மெயினை நிறுத்திய பின், 2000 மைக்ரோஃபாரட் அளவுள்ள கெபாசிட்டர், 50 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக வடிந்து 50 வோல்ட்டுக்கு இறங்கவே சுமார் 4 நிமிடங்கள் ஆகும். அந்த ரெசிஸ்டர் எரிந்து போயிருந்தால் எவ்வளவு நேரம் என்று சொல்லவே முடியாது. நாம் திறப்பதோ பெரும்பாலும் பழுதான டிரைவைத்தான். ஆகவே டிஸ்ப்ளே அணைந்துவிட்டது என்பதையோ, டெஸ்டர் எரியவில்லை என்பதையோ நம்பிக் கையை உள்ளே விடக் கூடாது. டிரைவின் மேல் அச்சிட்டிருக்கும் நேரம் வரை காத்திருந்து, 1000 வோல்ட் டிசி தாங்கும் மல்டிமீட்டரை பஸ்ஸின் பிளஸ், மைனஸ் முனைகளில் வைத்து அளந்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

உயர் மின்னழுத்தம் செலுத்தி இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கரைப் பயன்படுத்தும் பழக்கமும் மாற வேண்டும். டிரைவிலிருந்து மோட்டார் கேபிளைக் கழற்றாமல் மெக்கர் போட்டால் ஐஜிபிடி போய்விடும். கேபிளின் நீளத்தையும் கவனிக்க வேண்டும்: அது மிக நீளமாக இருந்தால், டிரைவு ஓடும்போது மோட்டார் முனையில் மின்னழுத்தம் பஸ்ஸின் அளவைப் போல ஏறக்குறைய இரு மடங்குவரை எழும்பி வைண்டிங்கின் இன்சுலேஷனைக் கெடுக்கும்.

நம் பகுதிக்கே உரிய சிக்கல் இன்னொன்று உண்டு. முடி நீக்கப் பயன்படும் சோடியம் சல்ஃபைடிலிருந்து வெளிப்படும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு, டிரைவுக்குள் இருக்கும் மின்னணுக் கார்டுகளின் செம்புத் தடங்களை அரித்துவிடும். பேனலை டிரம் கூடத்துக்கு வெளியே நல்ல காற்றுள்ள அறையில் வைப்பதும், பூச்சுள்ள கார்டுகளைக் கேட்டு வாங்குவதும் அதனால்தான் அவசியமாகின்றன. இதைப் பொதுவான பாடத்திட்டங்களில் எதிர்பார்க்க இயலாது.

உயர்நிலைப் பயிற்சிக்கு ஆட்களை அனுப்பும் ஆலை நிர்வாகிகள், பணம் கட்டும் முன், பயிற்சி பெறுபவர் ஒவ்வொருவரும் பயிற்றுநரின் மேற்பார்வையில் டிரைவைத் தாமே திறந்து, டிசி பஸ்ஸைத் தம் கையால் அளக்க வைக்கப்படுவாரா என்று கேட்டு, எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.