ஹாப்டிக்: 'தொடு' போதுமா, 'உற்றறி' வேண்டுமா?

கேம் ஆடும்போது கையில் இருக்கும் கண்ட்ரோலர் விர்ரென்று அதிருமே, ஹாப்டிக் என்றால் அதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். தொடுபுலன் வழியாக ஒன்றை உணரவைக்கும் நுட்பம் முழுவதுக்குமே ஹாப்டிக் (haptic) என்று பெயர், அதிர்வு அதில் ஒரு துளி மட்டும்தான். தொடுதல், பற்றுதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது இந்தப் பெயர். ஒளிக்கு ஒளியியல் இருப்பதுபோல தொடுபுலனுக்கும் ஒரு துறைப்பெயர் வேண்டும் என்று 1892இல் மாக்ஸ் டெசுவார் என்ற ஜெர்மன் உளவியலாளர் உருவாக்கிய சொல்.

தமிழில் 'தொடுவுணர்', 'தொட்டுணர்' என்று எழுதுகிறோம். தப்பில்லை. ஆனால் 2018இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் பார்வையற்றவர்களுக்காகச் செய்த 'கேன்ட்ரோலர்' (Canetroller) என்ற ஊன்றுகோல் கருவியைப் பாருங்கள்: கையில் ஒரு தடி, இடுப்பில் அதோடு இணைந்த பிரேக். கணினி உருவாக்கும் மெய்நிகர் (virtual) அறையில் தடியை வீசும்போது அங்குள்ள சுவரில் பட்டால் பிரேக் தடியைப் பிடித்து நிறுத்திவிடும், தடி உரசும் பரப்புக்குத் தக்கபடி அதிரும், தட்டும் சத்தமும் காதில் விழும். கை தொட்டுக்கொண்டிருப்பது தடியை. அறிவதோ சுவரை, அதுவும் இல்லாத சுவரை! தோல் மட்டுமல்ல, தடை வந்ததும் மணிக்கட்டும் தோளும் சேர்ந்து சொல்கிற சேதி அது. இதற்குத் 'தொடு' கொஞ்சம் சின்னச் சட்டை.

'ஒன்றறி வதுவே உற்றறி வதுவே' என்கிறது தொல்காப்பியம், அதாவது ஓரறிவு என்பது தொடுபுலனால் அறிவது. உறுதல் என்றால் அடைதல், எதிர்ப்படுதல், படுதல், அனுபவித்தல் எல்லாம்தான். தடி முனையில் நடப்பதும் அதுவே, அதனால் என் ஓட்டு 'உற்றறி'க்கு: உற்றறி கையுறை, உற்றறி கருவி. (குறளில் தொடுபுலனுக்கு வரும் 'ஊறு' இன்னும் சின்னதாக, அழகாக இருக்கிறது, ஆனால் இன்று 'ஊறு கருவி' என்றால் ஆளைக் காயப்படுத்தும் கருவி என்று பயந்து ஓடிவிடுவார்கள்.)

இன்னொரு வேடிக்கை. 'மெய்நிகர்' என்பதில் உள்ள மெய்க்கு உண்மை என்றும் உடம்பு என்றும் பொருள், ஐம்பொறிகளில் தொடுபொறியின் பெயரும் அதுவே. ஆனால் கடையில் வாங்கும் மெய்நிகர் ஹெட்செட் பெரும்பாலும் கண்ணையும் காதையும்தான் கவனிக்கிறது. மெய்க்குக் கிடைப்பது பெரும்பாலும் கண்ட்ரோலரின் அந்த விர்ர் மட்டும்.

அந்த விர்ர்கூட எல்லோருக்கும் ஒத்துவராது. காது கேளாத ஒருவருக்குத் தாளத்தை முதுகில் கொண்டுவந்து சேர்க்கும் அதிர்வுச் சட்டை, ஆட்டிசம் உள்ள இன்னொருவருக்குத் தாங்க முடியாததாக இருக்கலாம். அதனால் மெனுவைத் தமிழில் எழுதுகிறவர்கள் 'அதிர்வு: ஆம் / இல்லை' என்று முடித்துவிடாமல், 'உற்றறிவு: கூட்டு / குறை / நிறுத்து' என்று மூன்றாக வைக்கலாம்.