மேலே அனுப்பலாமா? மைனர் லீக் பிட்சரை எடைபோடும் விதம்

அமெரிக்க பேஸ்பாலின் கீழ் நிலையான மைனர் லீக்கில் ஒரு இளம் பிட்சரின் (பந்து வீசுபவர்) ஈ.ஆர்.ஏ. 2.10 என்று தெரிந்தால் போதும், அவரை ஏன் இன்னும் உச்ச நிலையான மேஜர் லீக்குக்கு அழைக்கவில்லை என்று ரசிகர்கள் கொதிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஃபீல்டர் பிழைகளால் வந்தவை போக, ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ஓட்டம் விட்டுக்கொடுத்தார் என்பதைச் சொல்லும் இந்த எண் (குறைந்தால் நல்லது), அழைப்பதா வேண்டாமா என்ற முடிவுக்கு மிகக் குறைவாகவே உதவும். எத்தனை பேரை அவுட் ஆக்கினார் என்பது பெரிதல்ல. எப்படி ஆக்கினார், அதே வழி ஒரு படி மேலேயும் செல்லுமா என்பதுதான் முக்கியம்.

மேஜர் லீக்கின் 30 அணிகளும் தலா நான்கு முழுப்பருவ மைனர் அணிகளை வைத்திருக்கின்றன; கீழிருந்து மேலாக: சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ. 2021 முதல் மொத்தம் 120 அணிகள் என்ற ஏற்பாடு இருக்கிறது. இவற்றில் உண்மையான வடிகட்டி டபுள்-ஏ. வெறும் வேகத்தை நம்பி வந்தவர்கள் பலர் அங்கேதான் தேங்குகிறார்கள்.

ஈ.ஆர்.ஏ.யை ஏன் நம்பக்கூடாது? ஒரு பிட்சர் நான்கு ஆட்டங்களில் 20 இன்னிங்ஸ் வீசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 85 பேட்டர்களைச் சந்திப்பார். அதில் 60 பேர் பந்தைக் களத்துக்குள் அடிப்பார்கள். அப்படி அடிபடும் பந்துகளில் சுமார் 30 விழுக்காடு ஹிட் ஆகும், அதாவது பேட்டர் அவுட் ஆகாமல் முதல் தளத்தையாவது அடைந்துவிடுவார். ஆக, எதிர்பார்ப்பு 18. ஆனால் வெறும் தற்செயலால் அது 14 ஆகவோ 22 ஆகவோ மாறுவது சகஜம். 20 இன்னிங்ஸில் எட்டு ஹிட் வித்தியாசம் என்றால், அதே பிட்சரின் ஈ.ஆர்.ஏ. 2 என்றும் தெரியலாம், 5 என்றும் தெரியலாம். கீழ் நிலைகளில் ஃபீல்டிங்கும் தடுமாற்றமானது, மைதானத் தரையும் ஒரே சீராக இருக்காது. அதனால் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் அதிகம்.

ஸ்ட்ரைக்அவுட்டும் (மூன்று ஸ்ட்ரைக் ஆனால் பேட்டர் அவுட்) வாக்கும் (நான்கு ‘பால்’ ஆனால் பேட்டருக்கு முதல் தளம் இலவசம்) அப்படியல்ல. அவற்றில் ஃபீல்டருக்குப் பங்கே இல்லை. ஸ்ட்ரைக்அவுட் விகிதம் சுமார் 70 பேட்டர்களுக்குப் பிறகு ஓரளவு நிலைகொள்ளும். வாக் விகிதத்துக்கு அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வேண்டும். எனவே மதிப்பீட்டாளர்கள் முதலில் பார்ப்பது ஸ்ட்ரைக்அவுட் விழுக்காட்டிலிருந்து வாக் விழுக்காட்டைக் கழித்த எண்ணை. மேஜர் லீக் சராசரி பிட்சருக்கு அது 22-இலிருந்து 8 போக, ஏறத்தாழ 14. டிரிபிள்-ஏயில் 20-ஐத் தாண்டினால் உற்றுப் பார்க்கத் தகுந்தவர்.

உற்றுப் பார்க்கும்போதுதான் வேலையே ஆரம்பிக்கிறது. கீழ் நிலைகளில் மண்ணில் விழும் ஸ்லைடருக்குக்கூட (பக்கவாட்டில் வளைந்து இறங்கும் பந்து) மட்டையை வீசும் பேட்டர்கள் நிறைய உண்டு. அவர்களை வைத்து 30 விழுக்காடு ஸ்ட்ரைக்அவுட் எடுத்துவிடலாம். மேஜர் லீக் பேட்டர்களோ ஸ்ட்ரைக் எல்லைக்கு (ஹோம் பிளேட்டுக்கு மேலே, பேட்டரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட பகுதி) வெளியே போகும் பந்துகளில் பத்துக்கு மூன்றைக்கூடத் தொடுவதில்லை. மீதியைப் பேசாமல் விட்டுவிடுவார்கள். கீழே ஸ்ட்ரைக்அவுட் தந்த அதே ஸ்லைடர் மேலே போனதும் ‘பால்’ ஆகிறது. கணக்கு 2-0, 3-1 என்று (முதல் எண் ‘பால்’, அடுத்தது ஸ்ட்ரைக்) பேட்டர் பக்கம் சாய்கிறது. வேறு வழியில்லாமல் ஃபாஸ்ட்பாலை நடுவில் போட வேண்டியிருக்கும், அதற்காகவே பேட்டர் காத்திருப்பார். புதிதாக மேலே வந்த பிட்சர்கள் அடிவாங்குவது பெரும்பாலும் இந்த வரிசையில்தான்.

ஆகவே ஸ்ட்ரைக்அவுட்டுகளை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: எல்லைக்குள் வந்த பந்தைத் தவறவிட்டவை ஒரு பக்கம், வெளியே போனதைத் துரத்தித் தவறவிட்டவை மறுபக்கம். முதல் வகை மேலேயும் செல்லும். அதோடு, 2-0 கணக்கில் ஃபாஸ்ட்பால் அல்லாத ஒரு பந்தை ஸ்ட்ரைக்காக வீச முடிகிறதா என்று பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால், ஒரேயொரு சோதனைதான் வைக்கலாம் என்றால் இதைத்தான் வைப்பேன்.

எல்லைக்குள் வரும் ஃபாஸ்ட்பாலை பேட்டர் ஏன் தவறவிடுகிறார்? பிட்சிங் தட்டுக்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். மணிக்கு 95 மைல், அதாவது 153 கி.மீ. வேகத்தில் வரும் பந்து சுமார் 0.4 வினாடியில் வந்து சேரும். பின்னோக்கிச் சுழலும் பந்தைக் காற்று மேல்நோக்கித் தாங்குகிறது. அதனால் ஈர்ப்புவிசை இழுக்க வேண்டிய அளவுக்கு அது கீழே இறங்குவதில்லை. மேஜர் லீக் ஃபாஸ்ட்பாலுக்கு இந்தத் தாங்கல் சராசரியாக 16 அங்குலம். 18-ஐத் தாண்டினால், பேட்டர் எதிர்பார்த்த இடத்துக்குச் சற்று மேலே பந்து கடந்துபோகும், மட்டை அதன் அடியில் வீசப்படும். முன்னால் நன்றாக எட்டிவந்து பந்தை விடுபவருக்கு இன்னொரு லாபம் உண்டு. ஒரு அடி கூடுதலாக எட்டினால், பேட்டர் கண்ணுக்கு மணிக்கு ஒன்றரை மைலுக்கும் மேல் வேகம் கூடியது போலத் தெரியும். இவற்றையெல்லாம் ட்ராக்மேன் ரேடாரும் ஹாக்-ஐ கேமராக்களும் பந்துக்குப் பந்து பதிவு செய்கின்றன. பந்தின் தரம் நூறு பந்துகளுக்குள்ளேயே தெரிந்துவிடும். அதைச் சொன்ன இடத்தில் போடும் திறமை தெரியத்தான் மாதங்கள் ஆகும்.

எண்களைப் படிக்கும்போது இடத்தையும் கவனிக்க வேண்டும். டிரிபிள்-ஏயின் பசிபிக் கோஸ்ட் லீக்கில் ஆல்புகெர்க்கி மைதானம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெல்லியது. கர்வ்பால் குறைவாக வளையும், அடித்த பந்து அதிகத் தூரம் பறக்கும். அங்கே எடுத்த 5.00 ஈ.ஆர்.ஏ.யைப் பார்த்து ஒருவரை ஒதுக்குவது அநியாயம். பந்தும் மாறுகிறது. டிரிபிள்-ஏயில் 2019 முதல் மேஜர் லீக் பந்தே பயன்படுகிறது. கோஸ்டா ரிகாவின் டுரியால்பாவில் தைக்கப்படுவது அது. டபுள்-ஏ வரை வேறு பந்து, அதன் தையல் சற்று மேடாக இருக்கும். தையலைப் பிடித்தே ஸ்லைடரை வெட்டிப் பழகியவருக்கு, டிரிபிள்-ஏ வந்ததும் சில வாரங்கள் பந்து கைக்குள் அடங்காது. அந்த வாரங்களின் வாக் கணக்கை வைத்து யாரும் தீர்ப்பு எழுதக்கூடாது.

அடுத்தது ஆயுதங்களின் எண்ணிக்கை. வலக்கைப் பிட்சரிடம் ஃபாஸ்ட்பாலும் ஸ்லைடரும் மட்டுமே இருந்தால், இடக்கை பேட்டர்கள் அவரை எளிதில் படித்துவிடுவார்கள். அவர்களிடமிருந்து விலகிப்போகும் மெதுவான சேஞ்சப்போ, ஹோம் பிளேட்டுக்கு அருகே சட்டென்று விழும் ஸ்பிளிட்டரோ வேண்டும். பேட்டிங் வரிசை மூன்றாம் முறை வரும்போது பேட்டர்களின் கை ஓங்குவது மேஜர் லீக்கில் நன்றாகத் தெரிந்த விஷயம். மூன்றாவது பந்துவகை இல்லாதவர் அங்கே தாக்குப்பிடிப்பது கடினம். அவரை ரிலீவராக (ஆட்டத்தின் இடையில் வந்து வீசுபவர்) மாற்றி ஒரு இன்னிங்ஸ் கொடுப்பதே நல்லது.

உடல் தாங்குமா என்பது தனிக்கணக்கு. மைனர் லீக்கில் செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே அணியோடு ஆறு ஆட்டங்கள், திங்கள் ஓய்வு. எனவே ஆட்டத்தைத் தொடங்கி வீசும் ஸ்டார்ட்டர் வாரத்துக்கு ஒரு முறை வீசினால் போதும். மேலே போனால் நான்கு அல்லது ஐந்து நாள் ஓய்வில் திரும்ப வீச வேண்டும். முதல் இன்னிங்ஸில் 96 மைல், ஐந்தாவதில் 92 என்று வேகம் சரிந்தால் அவர் இன்னும் தயாரில்லை. பந்தை விடும் இடம் களைப்பில் கீழிறங்குவதும் அப்படியே. முழங்கையின் உட்புறத் தசைநார் கிழிவதற்கு முன் இந்த அடையாளங்கள் தெரியலாம். கிழிந்துவிட்டால் டாமி ஜான் அறுவை சிகிச்சை, திரும்பிவர ஒரு வருடத்துக்கும் மேல். ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க் 2010 ஜூனில் தன் முதல் மேஜர் லீக் ஆட்டத்திலேயே 14 ஸ்ட்ரைக்அவுட் எடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அந்த அறுவை சிகிச்சை நடந்தது.

பால் ஸ்கீன்ஸ் விஷயத்தில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் 2024-இல் காட்டிய நிதானத்தை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். டிரிபிள்-ஏ இண்டியானபொலிஸில் ஏழு ஆட்டங்கள், 27⅓ இன்னிங்ஸ், 45 ஸ்ட்ரைக்அவுட், ஈ.ஆர்.ஏ. 0.99. திறமையில் யாருக்கும் சந்தேகமில்லை. முதல் ஆட்டத்தில் மூன்று இன்னிங்ஸோடு நிறுத்தி, பந்து எண்ணிக்கையைப் படிப்படியாக ஏற்றினார்கள். மே 11-இல் மேலே வந்தார், 1.96 ஈ.ஆர்.ஏ.யோடு நேஷனல் லீக்கின் சிறந்த புதுமுகமானார். ட்ரே யெசாவேஜ் 2025-இல் சிங்கிள்-ஏயில் தொடங்கி நான்கு படிகளையும் ஒரே பருவத்தில் ஏறி, செப்டம்பரில் டொராண்டோ ப்ளூ ஜேஸுக்கு வந்தார். மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் 12 ஸ்ட்ரைக்அவுட், வாக் ஒன்றுகூட இல்லை. மிக உயரத்திலிருந்து வரும் ஃபாஸ்ட்பால், அதே பாதையில் வந்து சட்டென்று விழும் ஸ்பிளிட்டர்: எந்தப் படியிலும் செல்லுபடியாகும் ஜோடி அது.

எல்லாத் தாமதத்துக்கும் விளையாட்டுக் காரணம் இருக்காது. 172 நாள் மேஜர் லீக்கில் இருந்தால் ஒரு சேவை ஆண்டு. ஆறு சேவை ஆண்டுகள் முடிந்தால் வீரர் விரும்பிய அணிக்குப் போகலாம். சில வாரம் தாமதித்து அழைத்தால் அணிக்கு ஒரு வருடம் கூடுதலாகக் கிடைக்கும். தயாராக இருப்பவரை இதற்காக நிறுத்திவைப்பது தவறு. அணிகளுக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான 2022 ஒப்பந்தம், சிறந்த புதுமுக வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடம் பெறுபவருக்கு முழு சேவை ஆண்டு கொடுத்து இதை ஓரளவு சரிசெய்தது. ஸ்கீன்ஸுக்கு அது கிடைத்தது.

அழைத்த பிறகும் சோதனை தொடர்கிறது. முதல் நான்கைந்து ஆட்டங்களில் ஓட்டங்களை விட்டுவிட்டு, முதல் பந்து ஸ்ட்ரைக் ஆகிறதா, எல்லைக்குள் பேட்டர்கள் தவறவிடுகிறார்களா, வேகம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இம்மூன்றும் சரிந்தால் கீழே அனுப்பிச் சரிசெய்வதில் அவமானம் எதுவும் இல்லை. ராய் ஹாலடேயின் ஈ.ஆர்.ஏ. 2000-இல் 10.64. அடுத்த பருவத் தொடக்கத்தில் டொராண்டோ அவரை நேராக ஏ நிலைக்கு இறக்கியது. பயிற்சியாளர் மெல் குவீன் அவரது கை வரும் கோணத்தைத் தாழ்த்தி, நேராகப் போய்க்கொண்டிருந்த ஃபாஸ்ட்பாலை அசையவைத்தார். அதே பருவத்தின் நடுவில் மேலே திரும்பிய ஹாலடே, 2003-இலும் 2010-இலும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது பெற்றார்.