அந்தப் பொட்டிக்கு வெயிட் இருக்கா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராயபுரம் கல்மண்டபத்தில் அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. வஞ்சிரம் வறுவலை முடித்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் கால் நீட்டியிருந்தோம். டிவியில் ‘ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்’ வரிசையின் ஐந்தாவது படம், தமிழ் பேசிக்கொண்டு ஓடியது. ரியோ நகரத் தெருவில் இரண்டு கார்கள் ஒரு ராட்சச இரும்புப் பெட்டகத்தைக் கம்பி கட்டி இழுத்துக்கொண்டு பறக்கின்றன. குறுக்கே வருகிற போலீஸ் கார்களைப் பெட்டகம் அடித்து நொறுக்குகிறது. அக்கா பையன் சோபா மேல் ஏறி நின்று விசில் அடித்தான்.

மாமா பல் குத்தும் குச்சியை வாயிலிருந்து எடுத்தார். “இன்னாடா இது? பொட்டி உள்ள காத்தா அடைச்சு வெச்சிருக்கான்?”

மாமா துறைமுகத்துக்கும் மணலிக்கும் நடுவே கண்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுகிறவர். இருபது அடிப் பெட்டி காலியாக இருந்தாலே இரண்டேகால் டன் இருக்கும். சரக்கேற்றிய பெட்டியோடு எண்ணூர் சாலையில் வளைவு எடுக்கும்போது பின்னால் இருக்கிற எடை என்ன செய்யும் என்று அவர் முதுகுக்குத் தெரியும். பையன் பன்னிரண்டாவது படிக்கிறான். என்னிடம்தான் இயற்பியல் டியூஷன். “படம்னா அப்படித்தாம்ப்பா இருக்கும், ஜாலியா பாரு” என்றான். அரை மணி நேரம் சண்டை. நான் டீ குடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

உலகம் முழுக்க இந்தப் பட வரிசையை வைத்து நடக்கிற சண்டைதான் இது. 2001-ல் வந்த முதல் படம், லாரிகளை மடக்கி டிவிடி பிளேயர் திருடுகிற கும்பலையும் தெருவோரக் கார் பந்தயத்தையும் பற்றிய சின்னக் கதை. (லாரி மடக்குகிற படம் என்பதால் மாமாவுக்கு அதுவும் பிடிக்காது, அது வேறு விஷயம்.) 2011-ல் பெட்டகம் வந்தது, 2013-ல் ராணுவ டாங்கி, 2015-ல் விமானத்திலிருந்து குதிக்கும் கார்கள். 2021-ல் வந்த ஒன்பதாவது படத்தில் கார் விண்வெளிக்கே போய்விட்டது. 2023-ல் பத்தாவதும் வந்தாயிற்று. பழைய ரசிகர்கள் பாதி பேர் நடுவழியில் இறங்கிவிட்டார்கள். இன்னும் பாதி பேர் அந்தப் பெட்டகத்தைப் பார்த்துத்தான் ஏறினார்கள்.

‘லாஜிக் இல்லை’ என்று ஒரு வார்த்தையில் இந்தச் சண்டையை முடித்துவிடுவது வழக்கம். லாஜிக் இல்லாத எத்தனையோ காட்சியை நாம் கண்டுகொள்வதே இல்லை. சில இடத்தில் மட்டும் ஏன் உறுத்துகிறது?

முதலில் மாமாவின் பெட்டி. பெட்டகம் பத்து டன் என்று வைத்துக்கொள்வோம். தார்ச்சாலையில் இரும்பை இழுத்தால் உராய்வு, எடையில் ஏறக்குறைய நாற்பது சதவீதம். அதாவது பெட்டகத்தை நகர்த்தவே நாலு டன் எடைக்குச் சமமான இழுவிசை வேண்டும். சரி, கார் எவ்வளவு இழுக்கும்? எஞ்சினில் நானூறு குதிரை இருக்கிறது, ஐநூறு இருக்கிறது என்று பையன் சொல்வான். ஆனால் எத்தனை குதிரை இருந்தாலும், ரோட்டைப் பிடித்து இழுப்பது டயர்தான். காய்ந்த சாலையில் ஒரு டயர் தன் மேல் அழுத்துகிற எடை அளவுக்குத்தான் பிடிமானம் தரும். கார் ஒவ்வொன்றும் சுமார் இரண்டு டன். இழுப்பது பின்சக்கரங்கள் மட்டும் என்றால் அவற்றின் மேல் ஒரு டன் இருக்கும். இரண்டு காருக்கும் சேர்த்து இரண்டு டன் இழுவை. தேவை நாலு. என்ன ஆகும்? டயர் நின்ற இடத்திலேயே சுற்றிப் புகைந்துபோகும், பெட்டகம் அசையாது.

இதைப் பார்க்க ரியோ போக வேண்டாம், விடியற்காலையில் காசிமேடு போனால் போதும். மீன்பாடி வண்டியில் சரக்கு ஏற்றும் பெட்டி முன்னால் இரண்டு சக்கரத்தின் மேல் இருக்கும்; ஓட்டுகிறவர் பின்னால், ஒற்றைச் சக்கரத்தின் மேல். மோட்டார் சுற்றுவதும் அந்த ஒற்றைச் சக்கரத்தைத்தான். ஐஸும் மீனும் நிரப்பிக்கொண்டு மீன் தண்ணீர் ஓடுகிற தரையில் கிளப்பினால், பின்சக்கரம் ஜிர்ரென்று சுற்றும், வண்டி நகராது. உடனே பக்கத்தில் நிற்கிற பையனைப் பின்னால் ஏறி உட்காரச் சொல்வார்கள். ஐம்பது கிலோ கூடுகிறது, வண்டி கிளம்பிவிடுகிறது! எடையைக் கூட்டினால் வண்டி நகர்கிற இந்த விநோதத்தைப் பாடப் புத்தகத்தில் செங்குத்து விசை, உராய்வுக் குணகம் என்று எழுதியிருக்கும். படிக்கிற பிள்ளைகளுக்கு ஏறாது. மீன்பாடியைச் சொன்னால் ஏறிவிடும்.

ஆக, மாமா சொன்னது சரி. ஆனால் பையன் சொன்னதும் தப்பில்லை. அந்தக் காட்சியை முழுக்கக் கம்ப்யூட்டரில் வரையவில்லை. படப்பிடிப்புக்கென்று பல பெட்டகங்கள் செய்தார்கள். அதில் ஒன்று உண்மையில் வண்டி, உள்ளே ஸ்டன்ட் ஓட்டுநர் உட்கார்ந்து ஓட்டினார். அதாவது, கார்கள் அவ்வளவு எடையை இழுப்பதுதான் பொய். பெட்டகம் மோதி நசுங்குகிற கார்கள் மெய். ஒரு பொருளின் எடையைக் கண்ணால் பார்க்க முடியாது. அது மோதிய பொருள் எவ்வளவு நசுங்கியது, தரை எப்படி உடைந்தது, திரும்ப எவ்வளவு நேரம் எடுத்தது என்பதைப் பார்த்துத்தான் மூளை எடையைக் கணக்கிடுகிறது. பையனின் கண் நசுங்கிய தகரத்தைப் பார்த்தது. மாமாவின் கண், இழுக்கிற டயரைப் பார்த்தது.

இன்னொரு கணக்கும் நமக்குத் தெரியாமலே ஓடுகிறது. மேலிருந்து விடுகிற எந்தப் பொருளும் ஐந்து மீட்டர் விழ ஏறக்குறைய ஒரு நொடி, இருபது மீட்டர் விழ இரண்டு நொடி. உயரம் நாலு மடங்கானால் நேரம் இரண்டு மடங்குதான். பிறந்ததிலிருந்து மாங்காயும் டம்ளரும் குழந்தையும் விழுவதைப் பார்த்துப் பார்த்து, இந்தக் கணக்கு கண்ணுக்குள் ஏறிவிட்டது. அதனால்தான் பொம்மைக் காரைச் சாதாரண வேகத்தில் படமெடுத்தால் பொம்மை என்று உடனே தெரிந்துவிடும். சிஜி, அதாவது கம்ப்யூட்டரில் வரைகிற காட்சி, வருவதற்கு முன்பு மினியேச்சர் வைத்துப் பாலத்தை உடைத்தவர்கள் இதற்கு வழி வைத்திருந்தார்கள். பதினாறில் ஒரு பங்கு அளவில் மாடல் செய்தால், நொடிக்கு 24 பிரேமுக்குப் பதில் நாலு மடங்கு, 96 பிரேம் எடுப்பார்கள். திரையில் 24-ல் ஓட்டும்போது விழுவது நாலு மடங்கு மெதுவாகும். பொம்மைப் பாலம் மெய்யான பாலமாகிவிடும். நம் ஹீரோக்கள் ஸ்லோமோஷனில் நடந்துவந்தால் ஆள் பெரிதாகத் தெரிவதிலும் இந்தக் கணக்குக்குப் பங்கு உண்டு என்பது என் கட்சி. வேட்டி மெதுவாக அசைந்தால், அசைகிறவர் மலை மாதிரி தெரிகிறார்.

சிஜி கார் சில படங்களில் பலூன் மாதிரி தெரிவதற்கும் காரணம் இதே குடும்பம்தான். தரையைத் தொட்டதும் ஸ்பிரிங் அமுங்கி, டயர் பிதுங்கி, பாடி ஒரு தடவை ஆடி அடங்க வேண்டும். அது இல்லாமல் ஈ மாதிரி சட்டென்று திரும்பினால், ‘இது லேசான பொருள்’ என்று கண் சொல்லிவிடும்.

இந்தக் கணக்கை யாரும் சொல்லித் தருவதில்லை. 1985-ல் ரெனே பையர்ஜான், எலிசபெத் ஸ்பெல்கி உள்ளிட்ட உளவியலாளர்கள் ஐந்து மாதக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பெட்டி, அதன் முன்னால் ஒரு தட்டி எழுந்து பின்பக்கமாகச் சாய்கிறது. பெட்டி தடுத்து நின்றால் சாதாரணம். பெட்டியே இல்லாததுபோல் தட்டி ஊடுருவிச் சாய்ந்தால்? குழந்தைகள் அதைக் கூடுதல் நேரம் உற்றுப் பார்த்தன. பேச்சு வராத வயதிலேயே ‘இது நடக்காதே’ என்று தெரிகிறது. அந்தக் குழந்தைகள் திரும்பிக்கொள்ளவில்லை, உற்றுப் பார்த்தன. கல்மண்டபத்தில் அன்றைக்கு மாமாவும்தான் டிவியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

அன்றைக்கே அடுத்து ஓடிய ஆறாவது படத்தில் ஒரு காட்சி வரும். கதாநாயகி டாங்கியிலிருந்து தூக்கி எறியப்படுகிறாள். நாயகன் எதிர்ப்பக்கப் பாலத்திலிருந்து பாய்ந்து, அந்தரத்தில் அவளைப் பிடித்து, இருவரும் ஒரு காரின் கண்ணாடி மேல் வந்து விழுகிறார்கள். முதுகைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். இங்கே பையனே சிரித்துவிட்டான்.

அவர்கள் வந்து மோதுகிற வேகம் மணிக்கு 72 கிலோமீட்டர் என்றே வைத்துக்கொள்வோம், நொடிக்கு 20 மீட்டர். இருபது மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறவர் தரையைத் தொடும் வேகமும் இதுதான். கண்ணாடியும் பானெட்டும் அமுங்கி அவர்களை இருபது சென்டிமீட்டருக்குள் நிறுத்தினால், உடம்பு தாங்க வேண்டிய விசை தன் எடையைப் போல நூறு மடங்கு. எழுபது கிலோ ஆள் மேல் ஏழு டன்! அதே வேகத்தை இரண்டு மீட்டர் தூரத்தில் நிறுத்தினால் பத்து மடங்குதான். அதற்குத்தான் ஸ்டன்ட் கலைஞர்கள் காற்றுப் பையும், காலி அட்டைப்பெட்டி அடுக்கும் போட்டு விழுகிறார்கள். பெட்டி ஒவ்வொன்றும் நசுங்க நசுங்க, நிற்கிற தூரம் கூடுகிறது. தண்டையார்பேட்டை சந்தில் கிரிக்கெட் ஆடுகிற எந்தப் பொடியனும் கேட்ச் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வான். அவன் செய்வதும் இதே வேலைதான். இழுக்காமல் பிடித்தால் உள்ளங்கை பழுத்துவிடும்.

குத்து வாங்கி ஆள் பறப்பதைப் பற்றி வடசென்னையில் தனியாகச் சொல்ல வேண்டும். சார்பட்டா, இடியாப்பா என்று பரம்பரை கட்டிக் குத்துச்சண்டை போட்ட ஊர் இது. இங்கே மேடையருகே நின்று பார்த்த பெரியவர்களுக்குத் தெரியும்: சரியான குத்து விழுந்தவன் பின்னால் பறக்க மாட்டான், நின்ற இடத்தில் முட்டி மடங்கி, மூட்டை மாதிரி கீழே உட்காருவான். தாடையில் பட்ட குத்து தலையைச் சட்டென்று திருப்புகிறது, மூளை குலுங்குகிறது, கால் தசைக்குப் போகிற கட்டளை அறுந்துபோகிறது. கணக்கும் அதைத்தான் சொல்கிறது. குத்துகிற கைக்கு மூன்று கிலோ, நொடிக்குப் பத்து மீட்டர் வேகம் என்றால் இரண்டையும் பெருக்கினால் வருகிற உந்தம் முப்பது. அது எழுபது கிலோ ஆளுக்குப் போய்ச் சேர்ந்தால் கிடைப்பது நொடிக்கு அரை மீட்டர்கூட இல்லை. தத்தித் தத்தி நடக்கிற குழந்தையின் வேகம்! எதிராளி சுவரை உடைத்துக்கொண்டு பறக்க வேண்டுமானால், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி குத்தியவரும் அந்தப் பக்கச் சுவரை உடைத்துக்கொண்டு போக வேண்டும். படத்தில் ஆளை இழுப்பது முதுகில் கட்டிய ரோப். பிறகு அதைக் கம்ப்யூட்டரில் அழித்துவிடுகிறார்கள். ஆனால் ரோப் இழுப்பது இடுப்பை. அதனால் இடுப்பு முதலில் போகிறது, தலை பின்னால் வருகிறது. ஒரு தடவை இதைக் கவனித்துவிட்டால் அப்புறம் எந்தச் சண்டைக் காட்சியையும் நிம்மதியாகப் பார்க்க முடியாது. மன்னிக்கவும்.

இவ்வளவு கறாராகப் பார்த்த மாமா, ஆறாவது படத்தின் கடைசி ஓடுதளக் காட்சியை வாய் திறக்காமல் பார்த்தார். பெரிய சரக்கு விமானம் ஓடுகிறது, கார்கள் துரத்துகின்றன, மேலே சண்டை, உள்ளே சண்டை; பத்து நிமிடத்துக்கு மேல் ஓடியும் ஓடுதளம் தீரவில்லை. மணிக்கு 180 கிலோமீட்டர் என்றால் பத்து நிமிடத்தில் 30 கிலோமீட்டர். கல்மண்டபத்தில் புறப்பட்டால் பொன்னேரி பக்கம் போய்விடலாம். மீனம்பாக்கத்துப் பெரிய ஓடுதளமே 3.6 கிலோமீட்டர்தான். இதைவிடப் பெரிய பொய் அந்தப் படத்தில் இல்லை. ஆனாலும் யாருக்கும் உறுத்தவில்லை. ஒரே நொடியை நாலு பக்கமிருந்து காட்டினால் நேரம் நீளும் என்பது கதை கேட்டுப் பழகிய காதுக்குப் பழக்கம். தெருக்கூத்தில் ஒரு அம்பு கிளம்பிப் போய்ச் சேர ஒரு பாட்டே ஆகும், யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. நேரத்தை எவ்வளவு இழுத்தாலும் பொறுத்துக்கொள்கிறோம். எடையில் கை வைத்தால் மட்டும் உடம்பு முரண்டு பிடிக்கிறது.

ஒன்பதாவது படத்து மின்காந்தத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தெருவின் அந்தப் பக்கம் நிற்கிற காரை இந்தப் பக்கக் காந்தம் இழுக்கிறது. காந்தத்தை விட்டு விலக விலக, தூரம் இரண்டு மடங்கானால் காந்தப்புலம் எட்டில் ஒரு பங்காகிவிடும். இரும்புக் குப்பைக் கிடங்கில் கிரேன் ஓட்டுகிறவர் காந்தத் தட்டைக் குப்பை மேல் உட்கார வைத்த பிறகுதான் ஸ்விட்சைப் போடுவார், சும்மாவா? விண்வெளிக்குப் போன காருக்கும் அதே கதைதான். உயரே போவது பாதி வேலைகூட இல்லை. விழாமல் பூமியைச் சுற்ற வேண்டுமானால் பக்கவாட்டில் நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும்.

சண்டையின் கடைசி ரவுண்டு ஏழாவது படத்துக்காக. சரக்கு விமானத்தின் பின்கதவு திறந்து, கார்கள் ஒவ்வொன்றாக ரிவர்ஸில் வானத்தில் குதிக்கின்றன, பாராசூட் விரிகிறது. “இதாண்டா உச்சகட்ட டூப்பு” என்றார் மாமா. பையன் போனைத் தேடி எடுத்து நீட்டினான். அந்தக் காட்சிக்கு உண்மையான கார்களையே உண்மையான விமானத்திலிருந்து தள்ளிவிட்டார்கள். நடிகர்கள் உள்ளே இல்லை, அவ்வளவுதான். வானத்தில் சுழன்றவை மெய்யான கார்கள். ராணுவங்கள் ஜீப்பை இப்படி இறக்குவது பல பத்தாண்டு வழக்கம். விழும் வேகம் கூடக் கூடக் காற்றின் தடை அதன் வர்க்கமாகக் கூடும். தடை எடைக்குச் சமமானதும் வேகம் அதற்குமேல் ஏறாது. அந்த வேகத்தைப் பாதியாக்க வேண்டுமானால் பாராசூட்டின் பரப்பு நாலு மடங்காக வேண்டும். இவ்வளவுதான் சூத்திரம்.

மாமா வீடியோவை இரண்டு தடவை பார்த்தார். மூன்றாவது தடவை, கார் விமானத்தை விட்டு விலகும் இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், என் பக்கம் திரும்பிக் கேட்டார்:

“பாராசூட்ட கார்ல கட்டிக்கிறான் பாரு, அந்த பெல்ட்டு இன்னா டன்னு தாங்கும்?”