தெந்த்ரேயில் அந்த 'த்' எங்கிருந்து வந்தது?

போன வாரம் ரீயூனியன் தீவின் சாந்தாந்த்ரே ஊரில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு பட்டியல் கிடந்தது. அக்கா மகளின் ஸ்பானிஷ் பாடம்: எதிர்காலத்தில் ஒழுங்கு தவறும் 12 வினைகள். "சித்தி, இதை அப்படியே மனப்பாடம்தான் பண்ணணுமா?" என்றாள். பண்ணலாம்தான். ஆனால் நாக்கு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதிச் சுமை இறங்கிவிடும்.

ஸ்பானிஷ் எதிர்காலம் ஒட்டுப்போட்ட சொல். 'கொமேர்' என்றால் சாப்பிட. அதோடு 'ஏ' சேர்ந்தால் 'கொமெரே', சாப்பிடுவேன். அந்த 'ஏ', 'எனக்கு இருக்கிறது' என்னும் தனிச்சொல். ஸ்பானிஷுக்குத் தாயான பேச்சு லத்தீனில் 'சாப்பிட எனக்கு இருக்கிறது' என்று இரண்டு சொல்லாகச் சொன்னது நாளடைவில் ஒட்டிக்கொண்டது, 'வர வேண்டும்' நம் வாயில் 'வரணும்' ஆனது போல. பழைய ஸ்பானிஷில் ஒட்டு இன்னும் காயவில்லை. 'தார் தே ஏ', அதாவது உனக்குத் தருவேன் என்று நடுவே ஒரு சொல்லைச் செருக முடிந்தது.

ஒட்டியதும் குரலின் அழுத்தம் கடைசிக்குப் போய்விட்டது. நடுவில் அழுத்தமிழந்து நின்ற உயிரெழுத்தைச் சில வினைகளில் வாய் விழுங்கியது. சபேர், தெரிந்திருக்க: 'சபெரே' வரவில்லை, 'சப்ரே' வந்தது. போதேர், முடிய: 'போத்ரே'. கெரேர், விரும்ப: 'கெர்ரே'.

தெனேர், அதாவது வைத்திருக்க, இன்னும் சுவாரசியம். உயிரெழுத்து போனதும் மிஞ்சியது 'தென்ரே'. 'ன்' சொல்லும்போது நாக்கு நுனி மேலே ஒட்டி வாயை அடைக்கிறது, காற்று மூக்கு வழியே போகிறது. அடுத்த 'ர்'க்கு இரண்டு வேலை: மூக்கு வழியை மூட வேண்டும், நாக்கை விடுவிக்க வேண்டும். மூக்கு ஒரு கணம் முந்திக்கொண்டால் காற்றுக்கு எந்த வழியும் இல்லை. அந்தக் கணத்தில் பிறப்பதுதான் 'த்'. யாரும் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்துகொண்டது: தெந்த்ரே. பெனீர், வர: 'பெந்த்ரே'. போனேர், வைக்க: 'போந்த்ரே'. 'ல்'லுக்கும் கிட்டத்தட்ட இதே கதை. சலீர், வெளியே போக: 'சல்த்ரே'.

ஹென்றி என்று எழுதிவிட்டு ஹென்ட்ரி என்று கூப்பிடுகிறோமே, அந்த ஒலியை நினைத்துக்கொள்ளுங்கள். (தமிழ் 'ன்ற'வின் வரலாறு வேறு, காதில் விழுவது மட்டும் ஒன்று.)

இந்தத் தீவில் வளரும் பிள்ளைகளுக்கு இது புதிதும் இல்லை. பள்ளியில் பேசும் பிரெஞ்சில் வருவேன் 'வியேந்த்ரே', வைத்திருப்பேன் 'தியேந்த்ரே'. அதே லத்தீன் ஒட்டு, அதே நாக்கு, அதே 'த்'. தீவின் பேச்சுமொழியான கிரியோலில் சாப்பிட மாட்டேன் என்பதற்கு 'மி மான்ஸ்ரா பா' என்கிறோம். அந்த 'ரா'வும் இந்தக் குடும்பம்தான்.

சரி, கொமேர் மட்டும் ஏன் தப்பியது? தப்பவில்லை. பழைய ஸ்பானிஷில் அது 'கொம்ப்ரே'. 'ம்'முக்கும் 'ர்'ருக்கும் நடுவே 'ப்' முளைத்திருந்தது. பிறகு பேசுகிறவர்களே அதை 'கொமெரே' என்று திருத்திக்கொண்டார்கள். அன்றாடம் வாயில் புழங்கிய வினைகள்தான் பெரும்பாலும் திருத்தத்துக்கு மசியவில்லை. நம் 'வா' மட்டும் 'வருவேன்', 'வந்தேன்' என்று இஷ்டத்துக்குத் திரிவதில்லையா?

பட்டியலில் செய்வேன் 'அரே', சொல்வேன் 'திரே' இரண்டும் எஞ்சின. அசேர், தெசீர் என்ற வினைகளில் ஒரு அசையே கழன்று போயிருக்கிறது. இந்த இரண்டை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கொள் என்றேன். "அவ்வளவுதானா?" என்று பென்சிலை வைத்துவிட்டு டிவி பக்கம் போனாள்.