மரத்தில் ஒட்டியதெல்லாம் உறிஞ்சுவதில்லை

செட்டிநாட்டுக் கோழிக் குழம்புக்குக் கல்பாசி இல்லாமல் மணம் ஏது? ஆனால் அதன் உறவுக்காரனான சாம்பல் திட்டு கொல்லை மாமரத்தில் படர்ந்துவிட்டால் மட்டும், ‘மரத்துக்குச் சீக்கு’ என்று அரிவாளை எடுத்துச் சுரண்டக் கிளம்பிவிடுகிறோம்.

இரண்டுமே லைக்கன்கள். ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக்குடித்தனம் அது. 1867-இல் சுவிஸ் தாவரவியலாளர் சைமன் ஷ்வெண்டனர் இதைச் சொன்னபோது லைக்கன் ஆய்வாளர்களே பலர் ஏற்கவில்லை. பாசி வெயிலில் உணவு சமைக்கும். பூஞ்சை இடமும் ஈரமும் தரும். மரத்திடம் அது கேட்பது பட்டையில் உட்கார இடம் மட்டுமே.

நலிந்த மரத்தில் லைக்கன் கூடுதலாகத் தெரிவது உண்மைதான். இலை உதிர்ந்து மரம் மெலிந்ததும் கிளைகளில் வெயில் விழும்; வெயில் விழுந்தால் லைக்கன் பெருகும். ஆகவே பார்க்க வேண்டியது பட்டையை அல்ல, அடிமரத்தை. சுற்றிலும் சிமெண்ட் போட்டு மூடினோமா, சுவருக்கு வானம் தோண்டியபோது வேர் அறுந்ததா? சுரண்டினால் பட்டை காயப்பட்டு, பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் வழி திறப்பதுதான் மிச்சம்.

கண்மாய்க்கரைப் புளியமரத்தின் பச்சைப் பாசி (மாஸ்) லைக்கனுக்குள் இருக்கும் பாசி அல்ல, தனிச் செடி. அதற்கும் வேரே கிடையாது. பிடித்துக்கொள்ள மெல்லிய இழைகள் உண்டு, அவ்வளவுதான். சித்திரையில் கருகிச் சுருண்டு, செத்ததுபோல் கிடக்கும். ஒரு சொம்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், சற்று நேரத்தில் இலைகள் விரிந்து பச்சையாகிவிடும். உடம்பு நீரை ஏறக்குறைய முழுவதும் இழந்தும் சாகாமல் ஐப்பசி மழை வரை காத்திருக்க அதற்குத் தெரியும். கிளையில் தொற்றி வாழும் வாண்டா ஆர்க்கிட்டும் சாதுதான். காற்றில் தொங்கும் அதன் வேர்களில் வெள்ளையாகத் தெரிவது பஞ்சு போன்ற உறை. மழை நீரை உறிஞ்சியதும் உறை தெளிந்து உள்ளிருக்கும் பச்சை தெரியும்.

பனை மட்டை இடுக்கில் பறவை எச்சத்திலிருந்து முளைக்கும் ஆலும் அரசும் வேறு ரகம். முதலில் விருந்தாளி, வேர் மண்ணைத் தொட்டதும் அதிகாரம் கைமாறும். பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீடுகளின் கைப்பிடிச் சுவரைப் பிளப்பதும் இவைதான். விரல் பருமன் ஆவதற்குள் வேரோடு எடுத்துவிட வேண்டும்.

உண்மையில் அஞ்ச வேண்டியது புல்லுருவிக்கு. மாங்கிளையில் திடீரென்று தடித்த இலைக்கொத்தும், செம்மஞ்சள் குழல் பூக்களும் தெரிந்தால் அதுதான். இலை பச்சையாக இருப்பதால் சாப்பாட்டைத் தானே செய்துகொள்ளும். தண்ணீரையும் உப்புச்சத்துகளையும் மட்டும் மரத்தின் நீர்க்குழாய்க்குள் உறிஞ்சான் இறக்கித் திருடும். ஒட்டிய இடம் முண்டாக வீங்கியிருக்கும். அங்கிருந்து கிளை மேலேயே ஓடும் வேர் பல இடங்களில் துளையிடும். அதனால் செடியைப் பிய்த்தால் மறுபடி துளிர்க்கும். கடைசித் துளைக்கும் ஒரு முழம் கீழே, நல்ல கட்டையில் கிளையையே அறுக்க வேண்டும். அதுவும் பழம் பழுப்பதற்கு முன்னால். பழுத்துவிட்டால் பூக்கொத்திக் குருவி தின்று, பிசுபிசுத்த விதையை அடுத்த கிளையில் தேய்த்துவிட்டுப் போய்விடும்.