நான்கு வட்டம் உண்டு, ஒரு சென்சார் இல்லை

போன மாதம் ஓர் அம்மா புத்தம்புதிய போன் ஒன்றைக் கொண்டுவந்து, நான் போன் பழுது பார்க்கும் மேசையில் வைத்தார். "பேசிக்கொண்டிருக்கும்போதே தானாகக் கட்டாகிவிடுகிறது தம்பி. சில நேரம் வேறு யாருக்கோ போய்விடுகிறது" என்றார். மகன் ஆசையாக வாங்கிக் கொடுத்ததாம். பின்புறத்தில் பெரிது பெரிதாக நான்கு வட்டங்கள். அவர் முன்னாலேயே என் எண்ணுக்கு அழைத்து அந்தப் போனைக் காதில் வைத்துப் பார்த்தேன். திரை அணையவில்லை. என் கன்னமே மியூட் பொத்தானை அழுத்திவிட்டது.

அதில் பழுது எதுவும் இல்லை. முகம் அருகில் வந்ததும் திரையை அணைக்கும் ப்ராக்ஸிமிட்டி சென்சார் அந்த மாடலில் கிடையாது, அவ்வளவுதான். போனின் அசைவு, காது திரையில் படும் விதம், காதுக்குக் கேட்காத ஒலி அலை என்று ஏதோ ஒன்றை வைத்து மென்பொருளே ஊகித்துக்கொள்ளும் ஏற்பாடு. ஊகம் தப்பினால் கன்னம் வேலை செய்யத் தொடங்கிவிடும். இதைக் கழற்றி மாட்டிச் சரிசெய்ய முடியாது. அழைப்பை எடுத்ததும் பவர் பட்டனை ஒருமுறை அழுத்தித் திரையை அணைத்துவிட்டுப் பேசுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அந்த நான்கு வட்டங்களில் ஒன்றுதான் உருப்படியான கேமரா. இரண்டு, பெயருக்கு வைத்த 2 மெகாபிக்சல் கேமராக்கள். நான்காவதில் இருந்தது பிளாஷ்.

குறைந்த விலைப் போனின் கணக்கு முழுவதும் இந்த ஒரு போனில் தெரிந்துவிடுகிறது. தயாரிப்பவருக்குச் செலவழிக்க இருப்பது ஓர் அளவான தொகை. பெட்டியின் மேல் அச்சடிக்கக் கூடியதற்கு அது முதலில் போகும். அச்சடிக்க முடியாதவற்றில் கை வைப்பார்கள். என் மேசைக்கு வருபவை பெரும்பாலும் அப்படிக் கை வைக்கப்பட்ட இடங்கள்தான்.

அவற்றில் முதலிடம் ஸ்டோரேஜுக்கு. "இரண்டு வருடம்தான் ஆகிறது, ஆமை மாதிரி நகர்கிறது" என்று வரும் போன்களைத் திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே கதை. 64 ஜிபியில் 61 நிரம்பியிருக்கும். எழுத்துப் பலகை மேலே வருவதற்குள் என்ன தட்ட வந்தோம் என்பதே மறந்துவிடும். நிரம்பியது பாதிக் காரணம், உள்ளே இருக்கும் சிப்பின் வகை மீதிக் காரணம். ஸ்டோரேஜ் சிப்பில் இஎம்எம்சி, யுஎஃப்எஸ் என்று இரண்டு வகை. இஎம்எம்சி என்பது ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய பாலம் மாதிரி. தரவைப் படிக்கும்போது எழுத முடியாது, எழுதும்போது படிக்க முடியாது. யுஎஃப்எஸ் வகையில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். இஎம்எம்சி 5.1இன் உச்ச வரம்பு நொடிக்கு 400 எம்பி. யுஎஃப்எஸ் 2.2க்கு அது ஏறத்தாழ மூன்று மடங்கு. முதல் மாதத்தில் இந்த வேறுபாடு கண்ணுக்குப் படாது. செயலிகள் பெருத்து, படங்கள் குவிந்து, பின்னணியில் நான்கைந்து வேலைகள் ஓடும் காலத்தில்தான் உறைக்கும். பெட்டியில் 128 ஜிபி என்று மட்டும் போட்டிருந்தால் எந்த வகை என்று கேளுங்கள். விற்பவருக்குத் தெரியாவிட்டால் நிறுவனத்தின் தளத்தில் விவரப் பட்டியல் இருக்கும். அங்கேயும் வகையைச் சொல்லாமல் நழுவியிருந்தால் நான் இஎம்எம்சி என்றே எடுத்துக்கொள்வேன்.

அடுத்தது ரேம், ஓடும் செயலிகள் தங்கும் வேகமான நினைவகம். "8 ஜிபி ரேம்" என்று பெரிதாகவும் அதன் கீழே பொடி எழுத்தில் "4+4" என்றும் போட்டிருப்பார்கள். இரண்டாவது 4 ரேமே அல்ல, ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கிய இடம். ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. ஏற்கெனவே திணறும் ஸ்டோரேஜின் தலையில் இன்னொரு சுமை. இந்த வசதி இருந்தால் அணைத்துவிடும்படி நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். ப்ராசஸரில் "எட்டு கோர்", அதாவது எட்டு கணிப்பு அலகுகள், என்பதும் இப்படித்தான். எட்டும் சிக்கனத்துக்கென்று செய்த சிறிய கோர்களாக இருக்கலாம். இரண்டு பெரியவை, ஆறு சிறியவை என்றும் இருக்கலாம். மீடியாடெக்கின் ஹீலியோ ஜி99இல் கார்டெக்ஸ் ஏ76 என்ற பெரிய கோர்கள் இரண்டு இருக்கின்றன, மற்ற ஆறும் ஏ55 என்ற சிறியவை. செயலியைத் திறக்கும் அந்த ஒரு கணத்தில் பாரம் இழுப்பவை பெரிய கோர்கள்தான். எட்டுமே ஏ55 ஆக இருக்கும் போனில் அந்தக் கணம் நீளும்.

மெகாபிக்சலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 108 என்று எழுதியிருக்கும் கேமரா ஒன்பது புள்ளிகளை ஒன்றாக்கி வழக்கமாக 12 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகிறது.

திரைக்கு வருவோம். 120 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 120 முறை படம் புதுப்பிக்கும், என்று ஸ்டிக்கர் ஒட்டிய 6.7 அங்குலத் திரையில் 720 பிக்சல் அகலம்தான் இருக்கிறதென்றால், சிறிய எழுத்துகளின் ஓரம் பிசிறும். நாளெல்லாம் படிக்கும் கண்ணுக்கு 90 ஹெர்ட்ஸில் 1080 பிக்சல் அகலமுள்ள முழு எச்டி திரை எவ்வளவோ மேல். வளைந்த ஓரத் திரை பார்க்க அழகுதான். கீழே விழுந்த பிறகு என்னிடம் வாருங்கள், அதன் விலையைச் சொல்கிறேன். விலை குறைந்த போனில் டிஸ்ப்ளே போய்விட்டால், அதை மாற்றும் செலவு போனின் மதிப்பில் பெரும் பங்கைத் தின்றுவிடும். தட்டைத் திரை, கடினமான பின்னுறை, விளிம்பு சற்று உயர்ந்த கேஸ் இந்த மூன்றும் ஓரளவு காப்பாற்றும்.

எல்லாவற்றையும்விட மக்கள் கேட்க மறக்கும் கேள்வி, பாதுகாப்பு அப்டேட் எத்தனை ஆண்டு வரும் என்பது. கேட்பவர்கள்கூட வாங்கிய நாளிலிருந்து எண்ணுகிறார்கள். நிறுவனங்கள் பொதுவாக எண்ணுவது மாடல் வெளியான நாளிலிருந்து. தள்ளுபடியில் கிடைக்கும் போன் வெளியாகி ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தால், மூன்று ஆண்டு வாக்குறுதியில் பாதி கடையிலேயே கரைந்துவிட்டது. குறைந்த விலைக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது என்ற சமாதானமும் இப்போது செல்லாது. 2024இல் வந்த சாம்சங் கேலக்ஸி ஏ16 மாடலுக்கு ஆறு ஆண்டு பாதுகாப்பு அப்டேட் என்று அறிவித்தார்கள். விலை குறைந்த வரிசைப் போன்தான் அது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்களுக்கு ஒரு விதி உண்டு. 800 முறை முழுமையாகச் சார்ஜ் செய்து தீர்த்த பிறகும் பேட்டரியில் 80 விழுக்காடு கொள்ளளவாவது மிஞ்ச வேண்டும். ஒவ்வொரு மாடலின் லேபிளிலும் பேட்டரி எத்தனை சார்ஜ் சுழற்சி தாங்கும், விழுந்தால் எப்படித் தாங்கும், பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்று தரம் அச்சாகியிருக்கும். எப்ரெல் என்ற பொதுத் தரவுத்தளத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். நீங்கள் எந்த நாட்டில் வாங்கினாலும் அதே மாடல் அங்கே இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். பெயர் ஒன்றாக இருந்து உள்ளே வேறாக இருப்பதும் உண்டு, அதனால் மாடல் எண்ணையும் ஒப்பிட வேண்டும். 5000 எம்ஏஎச் கொள்ளளவு, 67 வாட் சார்ஜிங் வேகம் என்பதைவிட இந்த லேபிள் எனக்கு அதிகம் சொல்கிறது. வேகமாக ஏற்றும்போது எழும் சூடு பேட்டரிக்கு நல்லதல்ல. இரவில் தூங்கும்போது ஏற்றுகிறவருக்கு 67 வாட் எதற்கு?

தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கான ஐபி68 குறியை நம்பி போனோடு குளிக்கப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சோதனை ஆய்வகத்தில், நல்ல தண்ணீரில் நடப்பது. தண்ணீர் புகுந்து கெட்டால் வாரண்டி பெரும்பாலும் கைவிரித்துவிடும். பழுதுக்காக நான் ஒருமுறை திறந்துவிட்டால், முன்பிருந்த அடைப்பு அப்படியே திரும்பும் என்று என்னாலேயே உறுதி சொல்ல முடியாது.

கடையில் போனைக் கையில் எடுத்ததும் எல்லோரும் கேமராவைத்தான் திறக்கிறார்கள். நான் முதலில் வரைபடத்தைத் திறந்து, நின்ற இடத்திலேயே மெதுவாகத் திரும்பிப் பார்ப்பேன். அம்புக்குறி என்னோடு திரும்பாவிட்டால் திசைகாட்டி சென்சார் இல்லை என்ற சந்தேகம் வந்துவிடும். பிறகு வெயிலில் கொண்டுபோய் ஒரு குறுஞ்செய்தியைப் படிப்பேன். கடைசியாக ஒருவரை அழைத்து, காதில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்துப் பார்ப்பேன். இதற்குத்தான் தடங்கல் வரும், காட்சிக்கு வைத்த போன்களில் சிம் இருக்காது.

அந்த அம்மாவின் மகன் போன வாரம் வந்திருந்தார். அடுத்து அப்பாவுக்குப் போன் வாங்கப் போகிறாராம். இழுப்பறையில் கிடந்த சிம் பின் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.